சிறுத்தைக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல்

சிறுத்தையின் வேட்டைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாயும் நொடிவரை அது யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. புதர் மறைவில் மணிக்கணக்காகக் கிடக்கும். மேலே மரத்தில் மேயும் குரங்குகளில் ஒன்று தாழ்ந்த கிளைக்கு இறங்கும்வரை அசையாமல் காத்திருக்கும். ஐவரி கோஸ்ட் நாட்டின் டாயி தேசியப் பூங்காவில் 1990களில் சில சிறுத்தைகளின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி அவற்றின் போக்கைக் கண்காணித்தார்கள். குரங்குக் கூட்டத்துக்கு அருகே பதுங்கியிருக்கும் சிறுத்தையை ஏதாவதொரு குரங்கு பார்த்துக் கத்திவிட்டால், சிறுத்தை மறைவிடத்தை விட்டு எழுந்து வேறு பக்கம் போய்விட்டது. இனிக் காத்திருந்து பயனில்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

முதுமலைப் பக்கம் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு இது புதிதல்ல. மந்தியும் புள்ளிமானும் எழுப்பும் குரலைக் கேட்டே புலியோ சிறுத்தையோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று அங்குள்ள பழங்குடி வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். எச்சரிக்கைக் குரல் கூட்டாளிகளுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. ‘உன்னைப் பார்த்துவிட்டோம்’ என்று எதிரிக்கும் அது சொல்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை வேலைதான் அடிப்படை.

டாயி காட்டில் அப்படிக் கத்துவதில் முதன்மையானது டயானா குரங்கு. கரிய முகம், வெள்ளைத் தாடி, முதுகில் செங்காவிப் பட்டை. நெற்றியில் பிறைபோல் வளைந்த வெள்ளைக் கோடு ஒன்றுண்டு. அதை வில்லாகப் பார்த்தவர்கள் ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானாவின் பெயரை இதற்கு வைத்தார்கள். எடை நான்கைந்து கிலோதான். வளர்ந்த ஆண் ஒன்று, பெண்கள் பல, குட்டிகள் என்று இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் கூட்டமாக, காட்டின் மேல்விதானத்தில் வாழ்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனிலிருந்து ஐவரி கோஸ்ட் வரையுள்ள மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது கிடையாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ள இனம்.

இதன் பக்கத்தில் நான் வைத்துப் பார்க்க விரும்புவது பதினைந்து கிராம் எடையுள்ள ஒரு பறவையை. ஜப்பானியப் பட்டாணிக் குருவி. கருந்தலை, வெள்ளைக் கன்னம், கழுத்திலிருந்து வயிறுவரை ஓடும் கறுப்புக் கோடு. ஜப்பான், கொரியா, சீனா என்று கிழக்கு ஆசியா முழுக்கச் சாதாரணமாகத் தென்படும். டோக்கியோவின் பூங்காக்களில்கூடக் கூடு கட்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் பட்டாணிக் குருவி இதன் நெருங்கிய உறவு. ஐரோப்பாவின் பெரிய பட்டாணிக் குருவி, நம்முடையது, ஜப்பானுடையது மூன்றையும் அண்மைக்காலம் வரை ஒரே இனமாகத்தான் கணக்கில் வைத்திருந்தார்கள்.

இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பாலூட்டிகளும் பறவைகளும் பிரிவதற்கு முந்தைய, பல்லியைப் போன்ற ஏதோ ஒரு விலங்கு. டயானா குரங்கோ நமக்கு மிக நெருங்கியது. அதன் வழியும் நம் வழியும் பிரிந்து மூன்று கோடி ஆண்டுக்கு மேல் ஆகியிருக்காது. மனித மொழியின் வேரைத் தேடியவர்கள் முதலில் குரங்குகளிடம் போனதற்கு இதுதான் காரணம். அந்தத் தேடலில் குருவியை யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு விலங்கின் குரலை வடிவமைப்பதில் அது யாருக்கு உறவு என்பதைவிட, அதை யார் யார் எப்படியெல்லாம் கொல்ல வருகிறார்கள் என்பதற்கே பெரிய பங்கு இருப்பதாக நான் நினைக்கிறேன். இந்த இரண்டு உயிர்களையும் சேர்த்துப் படிக்கும்போது அது தெளிவாகிறது.

*

டயானா குரங்குக்கு நான்கு பெரிய எதிரிகள். தரையில் சிறுத்தை. விதானத்துக்கு மேலிருந்து வரும் கொண்டைக் கழுகு. ஆப்பிரிக்கக் காடுகளின் மிக வலிய கழுகுகளில் ஒன்று, வளர்ந்த குரங்கையே தூக்கும். மூன்றாவது சிம்பன்சி. நான்காவது மனிதன்.

சிறுத்தையும் கழுகும் மறைந்திருந்து தாக்குபவை. பார்க்கப்பட்டுவிட்டால் அவற்றின் வேட்டை பாதி தோற்றுவிட்டது. ஆகவே அவற்றைக் கண்டதும் டயானா ஆண் உரக்கக் கத்துகிறது, பெண்களும் சேர்ந்துகொள்கின்றன. சிம்பன்சியும் மனிதனும் வேறு மாதிரி. சிம்பன்சிக் கூட்டம் மரமேறித் துரத்திச் சுற்றி வளைக்கும். மனிதன் துப்பாக்கியோடு வருகிறான். இருவரும் குரலைக் கேட்டே குரங்கு இருக்கும் மரத்தைக் கண்டுபிடிப்பவர்கள். அவர்களைக் கண்டால் டயானா குரங்கு வாய் திறப்பதில்லை. இலைகளுக்குள் சத்தமில்லாமல் நழுவிப் போய்விடும். கத்துவதா வேண்டாமா என்பதையே எதிரியின் வேட்டை முறை தீர்மானிக்கிறது.

கத்தும்போதும் ஒரே மாதிரி கத்துவதில்லை. ஆண் டயானா சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு வேறொரு குரலும் கொடுக்கிறது. விலங்குகளிடம் இப்படி எதிரிவாரியாகக் குரல்கள் இருப்பது முதலில் வேறொரு குரங்கிடம் தெரியவந்தது. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளைக் கவனித்த தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் 1967இல் இதை எழுதினார். 1980இல் ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் பதிவுசெய்த குரல்களை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். சிறுத்தைக் குரலைக் கேட்டால் வெர்வெட்டுகள் மரமேறின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் நின்று புல்லைத் துழாவின. எந்த எதிரியும் அங்கே இல்லை. ஒலி மட்டுமே இருந்தது.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சியது. கொதிக்கும் பாத்திரத்தில் கை பட்டதும் நாம் இழுத்துக்கொள்கிறோமே, அதைப்போல் குரங்கும் ஒலிக்கு உடம்பால் மட்டும் எதிர்வினை காட்டுகிறதா? அல்லது அந்த ஒலி அதன் மனத்தில் ‘கழுகு’ என்ற ஒன்றை எழுப்புகிறதா? கிளாஸ் சூபர்பூலர் டாயி காட்டில் செய்த சோதனை இந்தக் கேள்விக்கு நேராகப் போனது.

ஒரு டயானா கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். அது பார்க்காத இடத்தில் ஒலிபெருக்கியை மறைத்துவைத்து, ஆண் டயானாவின் கழுகுக் குரலை ஒலிக்கவிடுவார்கள். கூட்டம் பரபரத்துக் கத்தும். பிறகு ஐந்து நிமிட அமைதி. அதன்பின் அதே இடத்திலிருந்து கழுகின் கிறீச்சொலியையே போடுவார்கள். சாதாரணமாகக் கழுகின் ஒலியைக் கேட்டால் பெண் குரங்குகள் ஓயாமல் கத்தும். இப்போது ஏறத்தாழ பேசாமல் இருந்தன. கழுகு அங்கே இருப்பது அவற்றுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. முதலில் சிறுத்தைக் குரலைப் போட்டுவிட்டு அடுத்துக் கழுகின் ஒலியைப் போட்டபோதோ கூட்டம் அலறியது. சிறுத்தை என்று சொன்ன இடத்தில் கழுகா?

இதன் நயம் எனக்கு மிகவும் பிடித்தது. டயானா ஆணின் கழுகுக் குரலும் கழுகின் சொந்தக் கிறீச்சொலியும் காதுக்குச் சற்றும் ஒத்தவை அல்ல. இரண்டையும் இணைப்பது பொருள் மட்டுமே. ஒலி வேறாக இருந்தும் செய்தி ஒன்றுதான் என்று குரங்கு எடுத்துக்கொள்ளுமானால், ஒலிக்கும் எதிர்வினைக்கும் நடுவே மனத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது என்றுதான் அர்த்தம். 1999இல் செனி, செய்ஃபார்த் இருவரோடும் சேர்ந்து சூபர்பூலர் இதை வெளியிட்டார்.

அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. டாயியின் தரையில் கொண்டைக் கினிக்கோழிகள் கூட்டமாக மேயும். சிறுத்தையைக் கண்டாலும் அவை கூச்சலிடும், மனிதனைக் கண்டாலும் கூச்சலிடும், கூச்சல் ஒன்றுதான். வெறுமனே கினிக்கோழிக் கூச்சலைக் கேட்டால் டயானா குரங்குகள் சிறுத்தை வந்ததைப்போல் நடந்துகொள்ளும். ஆனால் முதலில் மனிதப் பேச்சை ஒலிக்கவிட்டு, அதன்பின் கினிக்கோழிக் கூச்சலைப் போட்டபோது பெரும்பாலும் மௌனமாகிவிட்டன. கோழிகள் கத்தியதற்குக் காரணம் அங்கே நடமாடும் மனிதன்தான் என்று முடிவு கட்டியதுபோல. ஒலிக்குப் பின்னாலிருக்கும் காரணத்தை அவை தேடுகின்றன.

பக்கத்து வீட்டுக்காரர்களின் குரலையும் அவை படித்துவைத்திருக்கின்றன. அதே காட்டில் வாழும் கேம்பெல் குரங்கின் ஆண், எச்சரிக்கைக் குரலுக்கு முன்னால் சில சமயம் ‘பூம்’ என்று அடிவயிற்றிலிருந்து இரண்டு ஒலி எழுப்பும். கிளை முறிந்து விழுவதைப் போன்ற, எதிரி சம்பந்தப்படாத கலவரங்களுக்கு உரியது அது. ‘பூம்’ இல்லாமல் கேம்பெல் குரங்கு கத்தினால் டயானாக்களும் சேர்ந்து கத்தும். ‘பூம்’ முன்னால் வந்தால் பொருட்படுத்துவதில்லை. முன்னால் வரும் ஓர் ஒலி பின்னால் வருவதன் பொருளை மாற்றுகிறது. டயானாவின் சொந்தக் குரலுக்கு முன்னால் ‘பூம்’ ஒலியை ஒட்டிப் போட்டபோது இந்த விதி எடுபடவில்லை, வழக்கம்போலக் கத்தின. யார் பேச்சுக்கு எந்த இலக்கணம் என்பது அவற்றுக்குப் பிடிபட்டிருக்கிறது.

மறுதிசையிலும் செவிகள் திறந்தே இருக்கின்றன. மஞ்சள் கொண்டை இருவாச்சிக்குச் சிறுத்தையால் ஆபத்தில்லை, கொண்டைக் கழுகால் உண்டு. டயானாவின் கழுகுக் குரலைக் கேட்டால் அந்த இருவாச்சி பதறுகிறது. சிறுத்தைக் குரலைக் கேட்டால் பேசாமல் இருந்துவிடுகிறது. செங்கொலபஸ் குரங்குகள் ஒரு படி மேலே போய், சிம்பன்சிகள் அதிகமாக வேட்டையாடும் பருவத்தில் டயானா கூட்டத்தை ஒட்டியே திரிகின்றன. டயானா கூர்ந்து பார்ப்பது, முன்கூட்டியே பார்ப்பது. அதை நம்பி அவை வாழ்கின்றன.

*

இனி ஜப்பான். நாகானோ மாகாணத்தில் அசாமா எரிமலையின் அடிவாரத்தில் கருயிசாவா என்ற மலையூர் இருக்கிறது. அங்குள்ள காட்டில் தொஷிதாகா சுசுகி ஆண்டுக்கணக்காகப் பட்டாணிக் குருவிகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குருவி மரப்பொந்தில் கூடு வைக்கும். மரப்பெட்டி செய்து தொங்கவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளும். கூட்டுக்கு வரும் எதிரிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று காகம், நம் அண்டங்காக்கைக்கு மிக நெருங்கிய இனம். அதன் உடம்பு பொந்துக்குள் நுழையாது. வாயில் வழியே தலையை விட்டு, அலகுக்கு எட்டிய குஞ்சைக் கவ்வி இழுக்கும். மற்றது ஜப்பானியச் சாரைப்பாம்பு. மரமேறி வந்து முழு உடம்போடு உள்ளே இறங்கிவிடும்.

உள்ளே இருட்டில் கிடக்கும் குஞ்சுகளுக்கு வெளியே வந்திருப்பது யாரென்று தெரிய வழியில்லை. தாயும் தந்தையும்தான் வெளியிலிருந்து சொல்லவேண்டும். காகத்தைக் கண்டால் அவை ‘சிக்கா’ என்பதுபோல் கூவுகின்றன. குஞ்சுகள் கூட்டின் அடியோடு அடியாகப் பம்மிக்கொள்கின்றன. அலகுக்கு எட்டாது. பாம்பைக் கண்டால் ‘ஜார்ர்’ என்று கரகரப்பாக ஓர் ஒலி. அதைக் கேட்டதும் பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சுகள் பொந்தைவிட்டு வெளியே குதித்துவிடுகின்றன. பாம்பிடம் பம்மிக் கிடந்தால் மொத்தக் கூடும் காலி. காகம் வந்திருக்கும்போது வெளியே குதித்தால் அதன் வாயிலேயே போய் விழவேண்டியதுதான். தவறாகக் கேட்ட குஞ்சு பிழைக்காது. இப்படிப்பட்ட இடத்தில்தான் குரல் கூர்மையாகிறது. சுசுகி 2011இல் வெளியிட்ட இந்த ஆய்வில் சோதனைக்காக எதிரிகளின் உருவத்தைக்கூடக் காட்டத் தேவையிருக்கவில்லை. பதிவுசெய்த ஒலியைக் கேட்டே குஞ்சுகள் அந்தந்த விதமாக நடந்துகொண்டன.

டயானாவிடம் கேட்ட கேள்வியைக் குருவியிடமும் கேட்கலாம். ‘ஜார்ர்’ என்பது அதன் மனத்தில் பாம்பை எழுப்புகிறதா? சுசுகி கையாண்ட கருவி ஒரு குச்சி. குச்சியில் நூல் கட்டி, மரத்தண்டின் மேல் பாம்பு ஏறுவதைப்போல மெல்ல மேலே இழுத்தார். பாம்புக் குரலை ஒலிக்கவிட்டபோது வளர்ந்த குருவிகள் அந்தக் குச்சிக்கு அருகே போய்ப் பார்த்தன. வேறு குரல்களை ஒலிக்கவிட்டபோது குச்சியைச் சட்டை செய்யவில்லை. பாம்புக் குரலே ஒலித்தாலும் குச்சியைப் பாம்பைப்போல் ஊராமல் வேறு மாதிரி ஆட்டினால், அப்போதும் போகவில்லை. குரலைக் கேட்ட பிறகே குச்சி பாம்பாகத் தெரிந்திருக்கிறது. மனத்தில் ஒரு தோற்றம் முதலில் எழ, கண் அதற்குப் பொருந்துவதைத் தேடுகிறது. 2018இல் வந்த இந்த முடிவு, டாயியில் ஐந்து நிமிட அமைதியில் கிடைத்த முடிவின் உடன்பிறப்பு.

குருவி இதற்கு மேலும் போகிறது. அதன் ஒலிக் குறிப்புகளுக்கு ஆய்வாளர்கள் ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டிருக்கிறார்கள். ஏபிசி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ‘சுற்றிப் பார், ஆபத்து’ என்பதுபோன்ற செய்தி. கேட்கும் குருவி தலையை இருபுறமும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். டி மட்டும் தொடர்ந்து வந்தால் ‘இங்கே வா’. ஓர் எதிரியை எல்லோரும் சேர்ந்து விரட்டவேண்டியிருக்கும்போது குருவி ஏபிசி–டி என்று இரண்டையும் வரிசையாகச் சொல்கிறது. கேட்பவை சுற்றிலும் பார்த்தபடியே நெருங்கி வருகின்றன. சுசுகி, டேவிட் வீட்கிராஃப்ட், மிஹாயேல் கிரீசர் மூவரும் இதைத் திருப்பிப் போட்டார்கள்: டி–ஏபிசி. அதே ஒலிகள், வரிசை மட்டும் மாறியது. குருவிகள் சரிவரப் பார்க்கவும் இல்லை, நெருங்கவும் இல்லை. 2016இல் இது வெளியானபோது மொழியியலாளர்களிடையேயும் விவாதம் எழுந்தது.

இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகக் குருவி மனப்பாடம் செய்திருக்கலாமே என்பது நியாயமான எதிர்வாதம். அதற்குப் பதில் அடுத்த ஆண்டே வந்தது. குளிர்காலத்தில் பட்டாணிக் குருவிகள் வில்லோ பட்டாணிக் குருவி என்ற வேறோர் இனத்தோடு கலந்து திரியும். அந்த இனத்துக்குச் சொந்தமாக ஓர் ‘இங்கே வா’ உண்டு. தம் இனத்தின் ஏபிசியோடு அயலானின் ‘வா’வை ஒட்டி, காட்டில் எந்தக் குருவியும் உச்சரித்திராத ஒரு தொடரை ஆய்வாளர்கள் செய்தார்கள். குருவிகள் அதைப் புரிந்துகொண்டன. வரிசையைத் திருப்பியபோது புரிந்துகொள்ளவில்லை. முன்பின் கேட்டிராத தொடருக்குப் பொருள் காண வேண்டுமானால், உறுப்புகளைத் தனித்தனியே அறிந்து விதிப்படி சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை மனித மொழி என்று சொல்லக் கூடாது. இரண்டு உறுப்புகளைச் சேர்ப்பதற்கும், வாக்கியத்துக்குள் வாக்கியத்தை வைத்து முடிவில்லாமல் நீட்டிக்கொண்டு போவதற்கும் நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது. மொழியியலாளர்களில் ஒரு சாரார் ‘தொடரிலக்கணம்’ என்ற பெயரையே இதற்குத் தர மறுக்கிறார்கள். அவர்களுடைய கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பொருளுள்ள இரண்டு ஒலிகள், ஒரு வரிசை, வரிசையால் வரும் கூட்டுப்பொருள் என்ற மூன்றும் பதினைந்து கிராம் உயிரிடம் இருக்கின்றன என்பதை யாரும் மறுக்க முடியாது.

*

குருவிக்கு இது எப்படி முடிகிறது? மூளையின் அளவை வைத்துப் பார்த்தால் முடியக்கூடாது. ஆனால் பறவை மூளையின் நரம்பணுக்கள் மிகச் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. 2016இல் பல பறவை இனங்களின் மூளை அணுக்களை எண்ணிய ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. ஐரோப்பாவின் கோல்டுகிரெஸ்ட் என்ற மிகச் சிறிய காட்டுப் பறவையின் எடை சுண்டெலியின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. அதன் மூளையிலுள்ள நரம்பணுக்களோ 16 கோடிக்கு மேல். சுண்டெலிக்கு இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

குரல் கற்கும் திறன் இன்னொரு பெரிய வேறுபாடு. குரங்குக் குட்டி தன் இனத்தின் ஒலிகளோடுதான் பிறக்கிறது. எந்த ஒலியை எப்போது எழுப்புவது, கேட்டால் என்ன செய்வது என்பதைத்தான் பெரியவர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. வெர்வெட் குட்டி முதலில் நாரைக்கும் விழும் இலைக்கும்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும். பாடும் பறவையோ ஒலியின் வடிவத்தையே மூத்தவர்களிடம் கேட்டுப் படிக்கிறது. பிஞ்சிலேயே தனியாகப் பிரித்து வளர்த்த சாஃபிஞ்ச் பறவை சரியாகப் பாடக் கற்பதில்லை என்று 1950களில் வில்லியம் தோர்ப் காட்டினார். நம் குழந்தைகளின் மழலையைப் போன்ற ஒரு பயிற்சிப் பருவம் அவற்றுக்கும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நெருக்கம் குருவிதான். குரங்கின் தொண்டையும் வாயும் மனிதப் பேச்சொலிகள் பலவற்றை உண்டாக்கப் போதுமானவை என்று 2016இல் மக்காக் குரங்குகளை எக்ஸ்ரே காணொலியில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அவற்றுக்கு இல்லாதது அந்த உறுப்புகளை ஆளும் மூளைக் கட்டுப்பாடு.

இதனால் குருவியை உயர்த்திக் குரங்கைத் தாழ்த்திப் பேசும் போக்கு ஒன்று அண்மையில் கிளம்பியிருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. கத்தியது கினிக்கோழி, ஆனால் காரணம் மனிதன் என்று ஊகிப்பது எளிய காரியமா? கேம்பெல் குரங்கும் ‘க்ராக்’ என்ற ஒலியின் கடைசியில் ‘ஊ’ சேர்த்து அதன் பொருளைத் தளர்த்துகிறது. அதுவும் ஒரு சேர்க்கைதான். மேலும் ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு உயிர்களும் ஒரே அளவுக்குச் சோதிக்கப்படவில்லை.

பட்டாணிக் குருவி பெட்டி வைத்தால் வந்து தங்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் அதன் ஐரோப்பிய உறவை 1947 முதல் இன்றுவரை இடைவிடாமல் கூட்டுப்பெட்டிகளில் கணக்கெடுத்து வருகிறார்கள். இத்தனை பெட்டிகளுக்கு இந்தக் குரல், இத்தனைக்கு அந்தக் குரல் என்று பிரித்துச் சோதிக்கலாம். அடுத்த வசந்தத்தில் மறுபடி செய்து சரிபார்க்கலாம். டயானா குரங்குக்கு இது எதுவும் இல்லை. தரையிலிருந்து பார்த்தால் இலைகள்தான் தெரியும். ஒரே கூட்டத்திடம் ஒரே ஒலியை மறுபடி மறுபடி ஒலிக்கவிட்டால் பழகிப்போய்விடும், அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் வேறு கூட்டத்தைத் தேடி நடக்க வேண்டும். கூட்டங்கள் நிறைய இருந்தால்தான் சோதனை நிறைய. குரங்கின் மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்ததன் அளவு, எத்தனை குரங்குகள் மிஞ்சியிருக்கின்றன என்பதோடு கட்டுண்டு கிடக்கிறது.

*

ஏன் ஒன்று எங்கும் இருக்கிறது, மற்றது அருகிவருகிறது? பட்டாணிக் குருவி ஒரு முறைக்கு ஏழிலிருந்து பத்து முட்டை இடும். பல இணைகள் ஒரே கோடையில் இரண்டாம் முறையும் கூடு கட்டும். அதில் பெரும்பகுதி இறந்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை. புழுவும் பூச்சியும் கிடைக்கும் தோப்பு, பூங்கா, தோட்டம் எதுவானாலும் அதற்குப் போதும். டயானா குரங்கு ஏறத்தாழ ஐந்து மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். பழமும் பூச்சியும் ஆண்டு முழுக்கத் தரும் உயர்ந்த காடு அதற்கு வேண்டும். வேட்டைக்காரன் ஒரே நாளில் சுட்ட மூன்று பெண் குரங்குகளின் இடத்தை நிரப்பக் கூட்டத்துக்குப் பல ஆண்டு பிடிக்கும்.

காடு போன வழி நம் எல்லோருக்கும் தொடர்புள்ளது. உலகிலேயே அதிகமாகக் கோகோ விளைவிக்கும் நாடு ஐவரி கோஸ்ட். சாக்லேட்டுக்கான கோகோ மரம் முதலில் காட்டின் விளிம்பைத் தின்றது, பிறகு பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள்ளேயே புகுந்தது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று அந்நாட்டின் 23 பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நேரில் நடந்து பார்த்தது. அவற்றில் 13 பகுதிகளில் குரங்கினங்கள் அடியோடு இல்லை. பெயரளவில் அவை இன்னும் சரணாலயங்கள். கானாவிலும் ஐவரி கோஸ்டின் கிழக்கிலும் வாழ்ந்த வால்ட்ரன் செங்கொலபஸ் 1978க்குப் பிறகு உயிரியலாளர் எவர் கண்ணிலும் உறுதியாகப் படவில்லை. டயானாவின் உடன்பிறப்பான ரோலோவே குரங்கு அதே பாதையில் வெகுதூரம் போய்விட்டது.

வேட்டைக்காரர்கள் விலங்குகளின் குரலைப் பாவனை செய்து குரங்குகளைக் கத்தவைக்கிறார்கள். கத்தினால் இடம் தெரிந்துவிடும். எந்தக் குரல் சிறுத்தையை விரட்டியதோ அதே குரல் இங்கே கொலைக்கு வழிகாட்டுகிறது. டாயியில் ரெடுவான் பிஷாரி இதை ஆராய்ந்து 2001இல் எழுதினார். வேட்டை அதிகமுள்ள பகுதிகளில் டயானா குரங்குகள் போலிக் குரலை இனம்கண்டு ஏமாறாமல் வாய்மூடி விலகக் கற்றிருந்தன. ஆய்வாளர்கள் நடமாடும், வேட்டை குறைந்த பகுதியிலிருந்த குரங்குகளுக்கு அந்தச் சூது அவ்வளவாகப் பிடிபட்டிருக்கவில்லை.

குரங்கின் அறிவுக்கு இது நல்ல சான்று. எனினும் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. ஐயம் வந்தபோதெல்லாம் வாய்மூடும் குரங்கு, உண்மையான கழுகு வந்த நாளிலும் தாமதிக்கும். அதன் குரலை நம்பியிருக்கும் இருவாச்சிக்குச் செய்தி போகாது. அதை ஒட்டித் திரியும் செங்கொலபஸுக்குக் காவல் இருக்காது. காட்டில் டயானா உயிரோடு இருக்கும்போதே, அது செய்துவந்த வேலை நின்றுபோகலாம்.

1982இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்ட டாயி இன்றைக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் மிஞ்சிய பெரிய மழைக்காடுகளில் ஒன்று. அதற்குள்ளும் குரங்குகள் ஒரே சீராக இல்லை. ஆய்வு நிலையங்களைச் சுற்றிய பகுதியில், ஆய்வாளர்களும் உள்ளூர் உதவியாளர்களும் தினமும் நடக்கும் தடங்களை ஒட்டி, அவை மற்ற இடங்களைவிட அடர்த்தியாக இருக்கின்றன. துப்பாக்கிக்காரர்கள் ஆள் நடமாட்டமுள்ள பக்கம் வருவது குறைவு. அந்தத் தடங்களின் நீளத்தைக் கூட்டவும், பூங்காக் காவலர்களுக்கு ஒழுங்காகச் சம்பளமும் வண்டியும் கிடைக்கவும் ஆகும் செலவு, உலகம் ஆண்டுதோறும் சாக்லேட்டுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் மிகமிகச் சிறியது.